ஓஎல்டியில் அமைப்பை மாற்றும் முன் திரையைப் புதுப்பியுங்கள்

ஓஎல்டி (இணைய நிறுவனத்தின் பக்கத்தில் இருக்கும் ஒளியிழை முனையக் கருவி) போன்ற ஒளியிழை வலையமைப்புக் கருவிகளை வரைகலை மேலாண்மை மென்பொருள் வழியாகக் கையாள்பவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, திரையில் தெரிவது பல வேளைகளில் கருவியின் இந்த நொடி நிலை அன்று, மென்பொருள் தன் தரவுத்தளத்தில் கடைசியாகச் சேமித்து வைத்த நிலையே என்பதுதான். ஆகவே எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் கருவியோடு ஒருமுறை ஒத்திசைவு செய்துவிடுங்கள்.

இடப்பக்க மரப்பட்டியலில் ஓஎல்டி, அதிலுள்ள கார்டு, பான் போர்ட் (ஒளியிழை புறப்படும் துளை), ஓஎன்டி (சந்தாதாரர் வீட்டில் இருக்கும் முனையக் கருவி) என்று படிப்படியாக இறங்கிச் செல்வதே பாதுகாப்பான வழி. தேடல் பெட்டியில் பெயரைத் தட்டி நேரே குதிக்கும்போது, பெயர் ஒத்திருக்கும் வேறொரு சந்தாதாரரின் கருவியைத் திறந்துவிட வாய்ப்புண்டு. வரிசை எண்ணைச் சரிபார்த்த பிறகே மாற்றத்தைத் தொடங்குங்கள்.

ஓஎன்டியின் பக்கத்தில் நான் முதலில் பார்ப்பது, அது பெறும் ஒளித்திறன். ஜிபான் என்னும் ஒளியிழைத் தரத்தின் பி பிளஸ் என்ற ஒளித்திறன் வகையில் ஓஎன்டியின் பெறும் எல்லை மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் (ஒளித்திறனை அளக்கும் அலகு) வரை. திரையில் மைனஸ் 26.5 என்று கண்டால், இணைப்பு இப்போது இயங்கினாலும், கனெக்டரில் சிறிது தூசு படிந்தாலோ இழை சற்று மடங்கினாலோ அறுந்துவிடும். அந்நிலையில் விஎல்ஏஎன் (ஒரே வலையமைப்பைத் தனித்தனியாகப் பிரிக்கும் அமைப்பு), வேக வரம்பு ஆகியவற்றைத் திருத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை. முதலில் இழையைக் கவனிக்க வேண்டும்.

மாற்றத்தைச் செயல்படுத்தும் பொத்தானை அழுத்தியதோடு வேலை முடிந்துவிடாது. பல கருவிகளில் அதைத் தனியாகச் சேமிக்காவிட்டால், அடுத்த மறுதொடக்கத்தில் பழைய அமைப்பே திரும்பி வந்துவிடும்.