மண் கொட்டும் முன்னால்: வெள்ளம் வரும் மனையில் வீடு கட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு சைட்டுக்குப் போயிருந்தேன். சேர்வராயன் மலை அடிவாரம், ஓடையிலிருந்து நாலு மனை தள்ளி. என்னிடம் வேலை பழகிவிட்டு இப்போது தனியாகப் பிளான் போட்டுக் கொடுக்கும் தம்பி ஒருவன் கூப்பிட்டிருந்தான். போய் இறங்கினால் பாதி மனையில் செம்மண் குவியல், இன்னொரு டிப்பர் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறது. “நீர்வளத்துறை தடையின்மைச் சான்றுக்கு இனிமேதான் சார் எழுதணும். அது வர்றதுக்குள்ள ஃபில்லிங்கை முடிச்சு வெச்சிடலாம்னு பார்த்தேன்” என்றான். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரியவரிடம் நான் சொன்ன அதே பேச்சு. வார்த்தைகூட மாறவில்லை.

ஏரிக்குள் வீடு கட்டாதே, பத்திரத்தைப் படி, அப்ரூவல் இல்லாத மனையை வாங்காதே என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர்கள் இப்போது யாருமில்லை. தெரிந்தவர்களே சறுக்கும் இடங்கள்தான் இங்கே.

“ஓடையில தண்ணியே இல்லையே சார்”

சேலத்தில் அதிகம் கேட்கும் வசனம் இது. நம் ஊர் ஓடைகள் வருஷத்தில் பதினோரு மாதம் மாட்டு வண்டித் தடம் மாதிரிதான் கிடக்கும், குப்பையும் சீமைக்கருவேலமும்தான் அடையாளம். ஆனால் திருமணிமுத்தாறும் சரி, ஓமலூர், எடப்பாடி வழியாகக் காவிரிக்குப் போகும் சரபங்காவும் சரி, சேர்வராயன் மலையில் பிறப்பவை. மலையில் பெய்கிற மழை சரிவில் இறங்க ரொம்ப நேரம் எடுக்காது. உங்கள் மனையில் ஒரு தூறல் இல்லாமலே ராத்திரி தண்ணீர் வரும், விடிவதற்குள் வடிந்தும் போய்விடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது, ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. அந்த வாரம் அடிவாரத்து ஓடைகளைப் பார்த்தவர்கள் மறுபடி அந்த வசனத்தைச் சொல்ல மாட்டார்கள்.

மனை பார்க்கப் போவது சித்திரை வெயிலில். தண்ணீர் வருவது ஐப்பசி, கார்த்திகையில்.

பட்டாவோடு நின்றுவிடுவது

பட்டா நிலம் என்றால் நீர்நிலை கிடையாது என்று ஒரு நினைப்பு. வாய்க்கால் எப்போதும் தனிப் புறம்போக்காகவே இருக்க வேண்டும் என்று சட்டமில்லை, பட்டா நிலத்துக்கு உள்ளேயும் ஓடும். அதைப் பட்டாவில் பார்க்க முடியாது, அந்தச் சர்வே எண்ணின் அளவு வரைபடமான புலப்படத்தில்தான் கோடாகத் தெரியும். ஆகவே புலப்படம், ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் ‘அ’ பதிவேடு, கிராம வரைபடம் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பக்கத்து சர்வே எண்களின் புலப்படத்தையும் சேர்த்து எடுங்கள், ஏனென்றால் மேலே இருக்கிற வயலில் வாய்க்கால் வந்து, கீழே இருக்கிற வயலிலும் வாய்க்கால் போய், நடுவில் உங்கள் நிலத்தில் மட்டும் அது காணாமல் போயிருந்தால், காகிதத்தில்தான் காணாமல் போயிருக்கிறது. நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்த 80களுக்கு முந்தைய பழைய ஆவணம் கிடைத்தால் அதையும் ஒரு தடவை புரட்டிவிடுங்கள்.

மண்ணை முதலில் கொட்டிவிடுவது

இதுதான் விஷயம். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும், பாதி எரிச்சல் என் மேலேயே.

அந்தப் பெரியவர் ஜவ்வரிசி ஆலையில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். 2400 சதுரடி மனை, கிழக்கே ஒரு சின்ன வாய்க்கால். ஆவணியில் முகூர்த்தம் குறித்துவிட்டார். ஆடி முடிவதற்குள் மனையை ரோட்டு மட்டத்துக்கு மூன்றடி மேடேற்றிவிடலாம், பேப்பர் வேலையைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். கணக்கும் போட்டுக் கொடுத்தேன்: 2400-ஐ மூன்றால் பெருக்கினால் 7200 கன அடி, அதாவது 72 யூனிட். மண் அமுங்கும் என்பதால் கூடவே ஒரு பதினைந்து யூனிட். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று மனிதர் பணத்தைக் கட்டினார். எதிர்வீட்டுப் பாட்டி மட்டும் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது. “கண்ணு, இந்த எடத்துல தண்ணி நிக்கும், அதை எங்க அனுப்பப் போறே?” என்று கேட்டது. சிரித்துவிட்டு வந்தேன்.

அப்புறம்தான் சான்றுக்கு விண்ணப்பித்தோம். நீர்வளத்துறை கொடுக்கும் இந்தச் சான்று எதைப் பார்க்கிறது என்று அப்போது எனக்குச் சரியாகப் புரிந்திருக்கவில்லை. மனை உங்களுடையதா என்பது அவர்கள் கவலை இல்லை. வெள்ளம் வந்தால் இங்கே எவ்வளவு நிற்கும், எந்த வழியாக வெளியேறும், நீங்கள் கட்டினால் அந்த வழி அடைபடுமா, இவ்வளவுதான். அதற்கு அவர்களுக்கு வேண்டியது மட்டங்கள்: இயற்கைத் தரைமட்டம், வாய்க்கால் படுகையின் மட்டம், மேலேயோ கீழேயோ ஏரி இருந்தால் அதன் நிறைநீர் மட்டம். இதை வைத்துத்தான் மனையை எவ்வளவு உயர்த்த வேண்டும், புலப்படத்தில் உள்ள அகலத்துக்கு வாய்க்காலை எப்படி விட வேண்டும், குறுக்கே பாதை போட்டால் எந்த அளவில் சிறுபாலம் கட்ட வேண்டும், மழைநீர் வடிகால் எங்கே சேர வேண்டும் என்று நிபந்தனை எழுதுவார்கள்.

இடத்தைப் பார்க்க வந்த பொறியாளர் கேட்ட முதல் கேள்வி, “பழைய தரைமட்டம் எவ்வளவு?”

என்னிடம் பதில் இல்லை. பழைய தரை எண்பது சொச்சம் யூனிட் செம்மண்ணுக்கு அடியில் இருந்தது. இரண்டாவது, வாய்க்காலைக் காட்டச் சொன்னார். கொட்டிய மண் சுவர் மாதிரி நேராக நிற்குமா? சரிந்துதான் நிற்கும். மேலே எல்லைக்குள் இருந்தாலும் அடியில் அது வாய்க்காலுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. மூன்றாவது இன்னும் மோசம். நான் மூன்றடி என்று அளந்தது ரோட்டிலிருந்து. அந்த ரோடே பள்ளத்தில்தான் போட்டிருந்தார்கள். பக்கத்துச் சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரை மட்டத்துக்கு அடையாளமாக வைத்துக் கணக்குப் பார்த்தபோது, எங்கள் மேடு வேண்டிய மட்டத்துக்கு ஒன்றரை அடி குறைவு.

ஆக, கிழக்கே கொட்டியதை வெட்டி எடுக்க வேண்டும், அங்கே கருங்கல் தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும், மற்ற பக்கமெல்லாம் இன்னும் ஒன்றரை அடி ஏற்ற வேண்டும். ஜேசிபி வாடகை, ஏற்றுக்கூலி, சுவர், மறுபடி மண். முகூர்த்தம் போய்விட்டது. அதற்குள் ஐப்பசி மழையும் வந்துவிட்டது. எங்கள் மனையில் நின்று வடிய வேண்டிய தண்ணீர் எதிர்வீட்டுக்குப் போய்ப் பாட்டியின் இரண்டாம் படி வரை நின்றது. போய்ப் பார்த்தேன். சுவரில் சேற்றுக் கோடு, கட்டில் காலுக்குக் கீழே செங்கல். பாட்டி என்னை ஒன்றும் திட்டவில்லை, அதுதான் சங்கடம். பெரியவரிடம் நான் ஃபீஸ் வாங்கவில்லை. அதனால் அவருக்குப் போன பணம் திரும்பி வந்துவிடவா போகிறது?

எரிச்சல் எதற்கு என்றால், இதைத் தவிர்க்க அரை நாள் போதும். மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியை வாடகைக்கு எடுங்கள், ஸ்டாஃப் என்கிற அளவுகோலைப் பிடிக்க ஒரு ஆள், பத்தடிக்கு ஒரு புள்ளி என்று காலி மனையில் மட்டம் எடுங்கள். அசையாத ஒரு கல்லிலோ பாலத்திலோ பெயிண்டால் குறி போடுங்கள். தேதியோடு நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். வாய்க்காலின் அகலத்தைப் புலப்படத்தோடு ஒப்பிட்டு நாலு மூலையிலும் கல் நடுங்கள். பக்கத்து வீட்டில் பழைய ஆள் யாராவது இருந்தால் எந்த வருஷம் எதுவரை தண்ணீர் நின்றது என்று கேட்டு அந்தச் சுவர்க்கறையின் மட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். சான்று கையில் வந்தபிறகுதான் முதல் டிப்பர். சரி, முகூர்த்தம் தவறுமே என்றால், ஒரு மூலையில் பூமி பூஜை போட்டுக்கொள்ளுங்கள், அதற்கு எண்பது யூனிட் மண் தேவையில்லை.

ரோட்டை வைத்து மட்டம் பார்ப்பது

மேலே சொன்னதுதான், ரோடே பள்ளத்தில் இருக்கலாம். அதோடு ரோடு ஒரே மட்டத்தில் நிற்காது, வருஷத்துக்கு வருஷம் உயரும்.

அப்ரூவ்டு மனை, அதனால் கவலை இல்லை

மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும்போதே நீர்வளத்துறையின் இந்தச் சான்றை வாங்கியிருப்பார்கள், உண்மைதான். ஆனால் அதில் நிபந்தனைகள் இருக்கும்: இவ்வளவு உயர்த்த வேண்டும், இங்கே சிறுபாலம், இந்த அகலத்துக்கு வாய்க்கால். அதையெல்லாம் செய்துவிட்டுத்தான் மனையை விற்றார்களா? வாங்குகிறவர்கள் அனுமதி எண்ணை மட்டும் கேட்கிறார்கள். சான்றின் நகலைக் கேளுங்கள், அதை எடுத்துக்கொண்டு மனையில் நடந்து பாருங்கள். அனுமதியில்லாமல் பிரித்து, பின்னால் வரன்முறைப்படுத்திய மனை என்றால் இன்னும் கவனம், 2017 விதிகளின்படி நீர்நிலையில் விழும் மனையை வரன்முறை செய்யவே முடியாது.

சுயசான்றில் உடனே அனுமதி வந்துவிட்டதே

2500 சதுரடிக்குள் மனை, 3500 சதுரடிக்குள் வீடு என்றால் 2024 ஜூலை முதல், விவரமெல்லாம் சரி என்று நீங்களே கையெழுத்துப் போடும் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் யாரும் வந்து பார்க்கவில்லை என்றால் பொறுப்பு முழுக்க உங்கள் கையெழுத்தில் இருக்கிறது என்று அர்த்தம். பொய் என்று தெரிந்தால் அனுமதி ரத்து.

எந்த ஆபீஸ் என்று தெரியாமல் அலைவது

எல்லா ஏரியும் நீர்வளத்துறையிடம் இல்லை. ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, 40 ஹெக்டேருக்குக் குறைவான சின்ன ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கும். முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டு வரி ரசீது, கரண்ட் இணைப்பு

இவை இரண்டும் கட்டட அனுமதி இல்லை.

ஏற்காட்டில் வெள்ளம் எங்கே வரும்?

மேட்டில் தண்ணீர் நிற்காது, ஓடும். ஓடுகிற வழியில் வீடு இருந்தால் அதையும் தள்ளிக்கொண்டு ஓடும். ஏற்காட்டில் எல்லோரும் ஹாகா என்று சொல்லும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகளும் சேர்ந்து வரும், வனம், கனிமம், வேளாண் பொறியியல் துறைகளின் கருத்தும் வேண்டியிருக்கும். சரிவை வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கமே தள்ளிவிடுவதுதான் அங்கே நடக்கும் தவறு. காப்பித் தோட்டத்து நடுவில் ஒரு சின்ன ஈரத் தடமாகத் தெரிவது மழையில் ஓடை.

தம்பியின் சைட்டில் அன்றைக்கு டிப்பரைத் திருப்பி அனுப்பினோம். கொட்டியிருந்த மண்ணை நாலு இடத்தில் பழைய தரை தெரியும்வரை தோண்டச் சொன்னேன், மட்டமாவது எடுத்து வைக்கலாமே என்று. மூன்று குழியில் கரிசல் வந்தது. ஓடைப் பக்கத்து நாலாவது குழியில் மண்வெட்டி ‘கரக்’ என்று இழுத்தது. குனிந்து பார்த்தால் மணல், நடுவில் உருண்டைக் கூழாங்கற்கள். தம்பி ஒரு கல்லை எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, “சார், பக்கத்து நம்பர் புலப்படத்தை நான் எடுக்கவே இல்லை” என்றான்.