ஒரு டிரம், மூன்று துளை: தோட்டத்துக்கு மழைநீர் பிடிப்பது எப்படி?

கூரையிலிருந்து இறங்கும் குழாய்க்குக் கீழே ஒரு டிரம்மை வைத்தால் அது பாட்டுக்கு நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு வரும் தண்ணீர் எங்கே போகும்? முதல் தடவை நான் இதை யோசிக்கவே இல்லை. ராத்திரி முழுக்க வழிந்த தண்ணீர் அடிமண்ணை அரித்து, காலையில் டிரம் சாய்ந்து கிடந்தது. அதனால், தண்ணீர் வெளியேறும் வழிக்குத்தான் இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். உங்கள் குழாய்க்கு வந்து சேரும் கூரைப் பகுதி 20 சதுர மீட்டர் என்றால், 10 மில்லிமீட்டர் மழைக்கு 200 லிட்டர். தெறித்ததும் கூரை உறிஞ்சியதும் போக 160 லிட்டராவது தேறும். சரிவான கூரையாக இருந்தாலும் ஏணி போட்டு ஏற வேண்டாம். கூரை தரையில் எவ்வளவு இடத்தை மூடுகிறதோ, அந்த நீள அகலம் போதும்.

டிரம்மும் மேடையும்

200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் தொடக்கத்துக்குச் சரியான அளவு. வெளிச்சம் புகாத அடர்ந்த நிறத்தில் வாங்குங்கள். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். பழைய டிரம் என்றால் அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டுவிடுங்கள். பூச்சிமருந்து, ரசாயனம், எண்ணெய் இருந்தது வேண்டவே வேண்டாம். மேல்வாய் முழுதாகத் திறக்கும் டிரம்மாக இருந்தால், உள்ளே கைவிட்டு நட்டு முடுக்க வசதி.

நிரம்பிய டிரம் 200 கிலோவுக்கு மேல் கனக்கும். மண்ணை நன்றாகக் கெட்டித்து, கான்கிரீட் கற்களை அடுக்கி, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தண்ணீர் எடுக்கும் குழாய்க்கு அடியில் பூவாளி நிற்க வேண்டும். அரை மீட்டர் உயரம் சரியாக இருக்கும். ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும் என்பதால், தெளிப்பான் எல்லாம் ஓடாது. ஹோஸில் தண்ணீர் மெதுவாக வரும், அவ்வளவுதான்.

மூன்று துளைகள்

முதலாவது, தண்ணீர் எடுக்கும் குழாய்க்கு. அடியிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே போடுங்கள், அடியில் தங்கும் வண்டல் கூடவே வராது. டிரம் சுவரில் குழாயை மாட்ட உதவும் மரை போட்ட இணைப்பான டேங்க் நிப்பிளை ரப்பர் வாஷரோடு பொருத்தி, மரையில் டெஃப்லான் டேப் சுற்றி முடுக்குங்கள். ரொம்ப முறுக்கினால் வாஷர் பிதுங்கி ஒழுகும்.

இரண்டாவது, வழிநீர்க் குழாய்க்கு. மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே. உள்ளே தண்ணீர் கொண்டுவரும் குழாயைவிட இது சிறியதாக இருக்கக் கூடாது. பலமழையில் வரவு அதிகம், போக்கு குறைவு என்றால் மூடி வழியாகத்தான் பொங்கும். சுவரிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி, பள்ளமான செடிப்பாத்திக்குத் திருப்பிவிடுங்கள்.

மூன்றாவது, மூடியில், தண்ணீர் உள்ளே வர. இந்தத் துளையிலும் வழிநீர்க் குழாயின் வாயிலும் நுண்ணிய கொசுவலை கட்டாயம். வெயில் காலத்தில் கொசு முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். மூடியும் இறுக்கமாக இருக்கட்டும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டே போடுங்கள். மூடி திறந்த டிரம் குழந்தைகளுக்கு ஆபத்து.

முதல் தண்ணீரைத் தள்ளிவிடுவது

கூரையில் கிடந்த தூசி, பறவை எச்சம், சருகு எல்லாம் முதலில் இறங்கும் தண்ணீரோடு வரும். இதைத் தனியாகப் பிரிக்க ஒரு எளிய ஏற்பாடு உண்டு. டிரம்மின் தலைக்கு மேலே, இறங்கு குழாயில் ஒரு டீ (T வடிவக் குழாய் இணைப்பு) வையுங்கள். பக்கவாட்டுக் கிளை டிரம்முக்குப் போகட்டும். நேர்க்கிளை கீழே தொடர்ந்து தரையருகில் திருகுமூடியோடு முடியட்டும். முதல் தண்ணீர் இந்த முட்டுக் குழாயில் நிரம்பி நிற்கும், பின்னால் வரும் தெளிந்த தண்ணீர் பக்கவாட்டில் திரும்பும்.

சதுர மீட்டருக்கு அரை லிட்டர் என்று வைத்தால், நம் 20 சதுர மீட்டருக்கு 10 லிட்டரைத் தள்ள வேண்டும். 100 மில்லிமீட்டர் குழாய் ஒரு மீட்டருக்கு சுமார் 8 லிட்டர் பிடிக்கும், ஆக 1.3 மீட்டர் நீளம். மேடையும் டிரம்மும் சேர்ந்த உயரமே கிட்டத்தட்ட அவ்வளவு வந்துவிடும். திருகுமூடியில் 2 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போட்டால், மழை விட்டதும் தானாகச் சொட்டிக் காலியாகும். அந்த ஓட்டை அடிக்கடி அடைத்துக்கொள்ளும், மூடியைக் கழற்றிக் கழுவ வேண்டியதுதான்.

இந்தத் தண்ணீர் குடிக்க அல்ல. பச்சையாகச் சாப்பிடும் கீரைக்கு ஊற்றும்போது இலையில் படாமல் வேரடி மண்ணில் ஊற்றுங்கள்.

எல்லாம் பொருத்திய பிறகு, மழைக்குக் காத்திருக்காமல் டிரம்மை ஹோஸால் நிரப்பி ஒழுகலைப் பாருங்கள். அப்புறம் முதல் நல்ல மழை பெய்யும்போது குடையோடு வெளியே போய், வழிநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிடுங்கள்.