இலையுதிர் காலத்தில் மழலையருக்கு வீட்டிலேயே சில பயிற்சிகள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செப்டம்பர் இறுதியில் மேப்பிள் மரங்கள் நிறம் மாறத் தொடங்கியதும், 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கான பாடப்பொருள் வாசலிலேயே வந்து விழுகிறது. ஈரமில்லாத இலைகளைப் பொறுக்கிவந்து, குழந்தையையே வகை பிரிக்கச் சொல்லுங்கள். நிறப்படியா, வடிவப்படியா என்பதை நீங்கள் தீர்மானிக்காமல், "இதை ஏன் இங்கே வைத்தாய்?" என்று கேட்பதே மேல்.

அடுத்தது இலைப் பதிவு. நரம்புகள் புடைத்திருக்கும் அடிப்பக்கம் மேலே தெரியுமாறு இலையை வைத்து, மெல்லிய தாளால் மூடி, தாள் நகராதபடி ஓரங்களை ஒட்டியபின், மேலுறை உரித்த கிரேயானைப் படுக்கவைத்து மெதுவாகத் தேய்த்தால், நடுநரம்பும் அதிலிருந்து பிரியும் கிளைநரம்புகளும் ஒவ்வொன்றாகத் தாளில் எழும். சருகாகிவிட்ட இலை நொறுங்கும் என்பதால் பொறுக்கிய அன்றே இதைச் செய்துவிட வேண்டும்.

இலை ஏன் நிறம் மாறியது என்ற கேள்வி நிச்சயம் வரும். பச்சையம் சிதைந்ததும், இலையில் முன்பே மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. மேப்பிளின் சிவப்போ பெரும்பாலும் இந்தப் பருவத்தில் புதிதாக உருவாவது. குழந்தைக்கு "மஞ்சள் ஒளிந்திருந்தது" என்று சொன்னாலே போதும்.

பூசணிக்காய் தண்ணீரில் மூழ்குமா என்று ஊகிக்கச் சொல்லிவிட்டு வாளியில் இட்டுக் காட்டுங்கள். உள்ளே காற்று நிறைந்த குழி இருப்பதால் அது மிதக்கும். பிறகு நீங்கள் அதை வெட்டிக் கொடுக்க, குழந்தை விதைகளைக் கழுவி, முட்டை அட்டையின் குழிகளில் பத்துப் பத்தாக எண்ணிப் போடலாம். விதைகளும், இலைகளோடு சேர்ந்து வந்துவிடும் ஓக் மரக் கொட்டைகளும் தொண்டையில் சிக்கக்கூடியவை என்பதால், பெரியவர் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும்.