கல்யாண டிவிடியை எம்பி4 ஆக்க பரணில் கிடக்கும் எக்ஸ்பாக்ஸ் போதும்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு நடந்த வீடுகளில் பீரோவைத் திறந்தால் ரோஜாப் படம் போட்ட உறைக்குள் இரண்டு மூன்று டிவிடி இருக்கும். டிவிடி பிளேயரைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டாகிவிட்டது, புது லேப்டாப்பில் டிரைவே கிடையாது. ஸ்டுடியோவில் எரித்துக் கொடுத்த டிவிடி என்பது சாயப் பூச்சில் பதிந்த பதிவு. வெயில், ஈரம், கீறல் எல்லாம் பட்டு வருடா வருடம் கெட்டுக்கொண்டே வரும். படிக்க வருகிற காலத்திலேயே எம்பி4 வீடியோக் கோப்பாக எடுத்து வைத்துவிட வேண்டும்.

யூஎஸ்பி டிவிடி டிரைவ் வாங்கினால் வேலை சுலபம்தான், மறுக்கவில்லை. ஆனால் சொந்தக்காரர் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த முதல் தலைமுறை எக்ஸ்பாக்ஸ் (மைக்ரோசாஃப்டின் கேம் கருவி), மாட் செய்த நிலையில் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. 2001-ல் வெளிவந்த அந்தக் கருவிக்குள் இருப்பது 733 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் பிராசசர், 64 எம்பி நினைவகம், ஒரு ஹார்டு டிஸ்க், ஒரு டிவிடி டிரைவ், ஒரு லேன் போர்ட். சுருக்கமாகச் சொன்னால் ஒரு பழைய கம்ப்யூட்டர்.

மாட் செய்தது என்றால், உள்ளே சிப் வைத்தோ, கேம் சேமிப்புக் கோப்பில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தியோ வெளி மென்பொருள் ஓடும்படி மாற்றியது என்று பொருள். ஆன் செய்ததும் எக்ஸ்பிஎம்சி என்ற, படம் ஓட்டும் மென்பொருளின் மெனு வந்தாலோ, மெனுவில் அந்தப் பெயர் இருந்தாலோ உங்களுடையது அந்த வகை. (2014-ல் கோடி என்று பெயர் மாறிய அதே மென்பொருள்தான், பிறந்த இடம் இந்த எக்ஸ்பாக்ஸ்.) மாட் செய்யாத கருவியில் டிவிடி படம் பார்க்கவே தனியாக ரிமோட் கிட் வாங்க வேண்டியிருந்தது. கோப்பை எடுப்பதற்கு வழியே இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது உங்கள் வீட்டு விசேஷ டிவிடிகளுக்கான வழி. கடையில் வாங்கிய சினிமா டிவிடிகளில் காப்பி எடுக்க விடாத டிஜிட்டல் பூட்டு இருக்கும். அப்படிப்பட்ட பூட்டை உடைப்பது பற்றி 2012 திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ என்ற பிரிவே சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் நான் போகவில்லை. ஸ்டுடியோ எரித்துக் கொடுத்த டிவிடியில் பூட்டு இருக்காது.

பிளக்கில் செருகுவதற்கு முன்

கருவியைக் கவிழ்த்து அடியில் உள்ள லேபிளைப் படியுங்கள். 220-240 வோல்ட் என்றிருந்தால் நேராகச் செருகலாம். 100-127 என்றிருந்தால் அது அமெரிக்க, ஜப்பான் மாடல். நம் வீட்டு மின்சாரத்தில் செருகினால் பவர் சப்ளை போய்விடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

அடுத்தது உள்ளே இருக்கும் ஒரு சின்னக் கெபாசிட்டர். கடிகாரத்தை ஓட வைக்க மட்டும் இருப்பது. கடைசியாக வந்த 1.6 பதிப்பைத் தவிர மற்றவற்றில் இது காலப்போக்கில் கசிந்து போர்டை அரிக்கும். பல வருடம் கிடப்பில் இருந்த கருவி என்றால் ஆன் செய்வதற்கு முன்பே டிவி ரிப்பேர் கடையில் கொடுத்து அதைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். திறக்க டி20, டி10 டார்க்ஸ் ஸ்க்ரூடிரைவர் வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். கழற்றினால் பிளக்கை எடுக்கும்போதெல்லாம் தேதி, நேரம் அழியும். வேறு நஷ்டம் இல்லை.

டிவியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி பின்னை இணையுங்கள். லேன் கேபிளை ஃபைபர் ரவுட்டரின் பின்பக்கம் செருகுங்கள். இந்தக் கருவியில் வைஃபை கிடையாது. லேப்டாப் அதே ரவுட்டரில் வைஃபையில் இருந்தால் போதும். இன்வெர்ட்டர் லைனில் கொடுத்தால் நல்லது. பாதியில் கரண்ட் போனால் கோப்பு அரைகுறையாக நின்றுவிடும்.

டிவிடியைப் படிக்க வைப்பது

தட்டைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். பாதி உரிந்த ஸ்டிக்கரைப் பிடித்து இழுக்காதீர்கள். தட்டு கெட்டுப்போகலாம்.

டிவிடியைப் போட்டதும் எக்ஸ்பிஎம்சி படத்தை ஓட்ட ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு ஃபைல் மேனேஜருக்குப் போங்கள். இரண்டு பக்கமாகப் பிரிந்த திரை வரும். ஒரு பக்கம் டிவிடியைத் திறங்கள். 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டர் தெரியும். அதற்குள் விஓபி என்று முடியும் பெரிய கோப்புகள் இருக்கும், ஒவ்வொன்றும் அதிகபட்சம் 1 ஜிபி. படமும் ஒலியும் அவற்றில்தான். ஐஎஃப்ஓ என்று முடியும் சின்னக் கோப்புகள் எது எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு. இவற்றில் எதையும் விட்டுவிடாமல் முழு ஃபோல்டரையும் எடுக்க வேண்டும்.

மறுபக்கம் ஹார்டு டிஸ்க்கைத் திறங்கள். இங்கேதான் இடப் பிரச்சினை. கருவியோடு வந்த டிஸ்க்கில் 'ஈ' பகுதி 5 ஜிபிக்கும் குறைவு, அதிலும் கேம் சேமிப்புகள் இருக்கும். நிறைந்த டிவிடியில் 4.7 ஜிபி. பெரிய டிஸ்க் மாற்றியிருந்தால் 'எஃப்' என்றொரு பகுதி தெரியும், கவலையில்லை. இல்லையென்றால் இரண்டிரண்டு விஓபியாக எடுத்து, லேப்டாப்புக்கு மாற்றி, இங்கே அழித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். ஃபோல்டரைத் தேர்ந்து கன்ட்ரோலரில் வெள்ளைப் பட்டனை அழுத்தினால் சிறிய மெனு வரும், அதில் காப்பி.

நேராக டிவிடியிலிருந்தே லேப்டாப்புக்கு இழுக்கலாமே என்றால், இழுக்கலாம். ஆனால் கீறல் உள்ள தட்டில் டிரைவ் திணறும்போது நெட்வொர்க் இணைப்பு அறுந்துவிடும். ஹார்டு டிஸ்க்குக்கு முதலில் எடுப்பதே எனக்குப் பிடித்த வழி.

எல்லா எக்ஸ்பாக்ஸிலும் ஒரே டிரைவ் இருக்காது. நான்கு கம்பெனிகள் செய்து கொடுத்திருக்கின்றன. சாம்சங் டிரைவ் இருந்தால் எரித்த தட்டுகளை நன்றாகப் படிக்கும். ஒரு இடத்தில் நின்றுவிட்டால் தட்டை எடுத்து மறுபடி துடைத்து, கருவி ஆறியபின் போட்டுப் பாருங்கள். சித்திரை வெயிலில் மூடிய டிவி ஸ்டாண்டுக்குள் வைத்து ஓட்டினால் எந்த டிரைவும் முரண்டு பிடிக்கும்.

லேப்டாப்புக்கு

எக்ஸ்பிஎம்சியின் நெட்வொர்க் செட்டிங்கில், கோப்புகளை நெட்வொர்க் வழியாக அனுப்பும் எஃப்டிபி சர்வரை ஆன் செய்யுங்கள். கருவியின் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதன் எண்) சிஸ்டம் இன்ஃபோ பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் ஃபைல்சில்லா என்ற இலவச மென்பொருளைத் திறந்து அந்த முகவரியைக் கொடுங்கள். பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டும் வழக்கமாக எக்ஸ்பாக்ஸ் என்பதுதான், ஆங்கிலச் சிறிய எழுத்தில். ஒரே நேரத்தில் ஒரு கோப்பு மட்டும் போகும்படி ஃபைல்சில்லாவில் வரம்பு வையுங்கள். 64 எம்பி நினைவகத்துக்கு அதற்குமேல் பாரம் கூடாது. லேன் போர்ட்டின் வேகம் 100 மெகாபிட். முழு டிவிடிக்குப் பத்துப் பதினைந்து நிமிடமாவது ஆகும்.

சுருக்குவது

பெரிய விஓபி கோப்புகளைச் சின்ன எம்பி4 ஆக எக்ஸ்பாக்ஸிலேயே சுருக்க முடியாதா? முடியும். அதில் ஓடும்படி செபியன் என்ற லினக்ஸ் இயங்குதளமே உண்டு. ஆனால் நம்மூர் டிவிடியில் ஒரு நொடிக்கு 25 படங்கள். அந்தப் பிராசசர் அந்த வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது, ஒரு தட்டுக்கு ராத்திரி முழுக்க ஓட வேண்டும். ஆர்வத்துக்கு ஒருமுறை செய்து பார்க்கலாம். பத்துத் தட்டு இருந்தால் சரிப்பட்டு வராது. படிக்கும் வேலையைக் கருவிக்கும் சுருக்கும் வேலையை லேப்டாப்புக்கும் கொடுங்கள்.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அந்த ஃபோல்டரைத் திறங்கள். டைட்டில் பட்டியலில் நீளமானது எதுவோ அதுதான் கல்யாணம். ப்ரீசெட் என்ற தயார் அமைப்புகளில் 'ஃபாஸ்ட் 576பி25' எடுங்கள். நம்மூர் டிவிடி பால் (PAL) என்ற டிவி முறை, 720க்கு 576 புள்ளிகள். இதை 1080 ஆக்கினால் கோப்புதான் பெரிதாகும், படம் தெளியாது.

இப்போது ஃபில்டர்ஸ் பகுதி. பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் இடம் இது. அந்தக் கால வீடியோ கேமராக்கள் ஒரு படத்தை இரண்டு பாதியாக, ஒற்றைப்படை வரிகள் ஒரு கணம், இரட்டைப்படை வரிகள் மறுகணம் என்று பதிவு செய்தன. பழைய பெட்டி டிவியில் அது சரியாகத் தெரிந்தது. செல்போன் திரை இரண்டு பாதியையும் ஒன்றாகக் காட்டும். தாலி கட்டும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். மாப்பிள்ளை முகம் தெளிவாக இருக்கும். அசையும் கையின் ஓரத்திலும், தூவிய அட்சதையிலும் மட்டும் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரியும். டீஇன்டர்லேஸ் என்ற இடத்தில் 'யாடிஃப்' தேர்ந்தெடுத்தால் இது போகும். அதிலேயே 'பாப்' என்ற வகையை எடுத்து, வீடியோ பகுதியில் ஃபிரேம் ரேட்டை (ஒரு நொடிக்கு எத்தனை படம் என்பது) 50 ஆக்கினால் அசைவு இன்னும் வழுக்கிக்கொண்டு போகும். ஃபிரேம் ரேட்டை மாற்ற மறந்தால் பாப் வைத்ததில் பிரயோஜனம் இல்லை.

வீடியோ கோடெக் (சுருக்கும் முறை) எச்.264, தரம் ஆர்எஃப் 20. எண் குறைந்தால் தரமும் அளவும் கூடும். ஒலிக்கு ஏஏசி கோடெக், 160 கேபிபிஎஸ். அகல டிவிக்காகப் படத்தை இழுக்காதீர்கள், பொண்ணு மாப்பிள்ளை இருவரும் குண்டாகிவிடுவார்கள். ப்ரிவியூவில் அரை நிமிடம் ஓட்டிப் பார்த்து, கோடு இல்லை, நாதஸ்வரமும் உதட்டசைவும் பொருந்துகிறது என்று தெரிந்த பின் ஸ்டார்ட் கொடுங்கள்.

பெயரும் பங்கீடும்

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருடம், ஊர், யார் வீட்டு விசேஷம் என்று எழுதுங்கள். உறையில் தேதி அழிந்திருந்தால் ஒரு துப்பு உண்டு. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9-ல். ஸ்டுடியோ முகவரியில் 'கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டம்' என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது, அல்லது ஸ்டுடியோக்காரர் பழைய உறை தீரும்வரை அதையே போட்டுக் கொடுத்திருக்கிறார்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், 2 ஜிபி வரை அப்படியே போகும். வீடியோவாகப் போனால் அது மறுபடி நசுக்கிவிடும். யூடியூபில் ஏற்றினால் ஸ்டுடியோக்காரர் பின்னணியில் போட்ட சினிமாப் பாட்டுக்கு உரிமை கோரல் வரலாம். தனிப்பட்டது என்று வைத்தாலும் வரும்.

முடித்த படத்தை அதே எக்ஸ்பாக்ஸில் ஓட்டி டிவியில் பார்க்க ஆசையென்றால் எச்.264 வேண்டாம், அந்தப் பிராசசர் திக்கித் திணறும். ஹேண்ட்பிரேக்கில் எம்பெக்-4 கோடெக்கைத் தேர்ந்து 25 ஃபிரேமில் இன்னொரு பிரதி எடுத்து, எஃப்டிபி வழியாகவே திருப்பி அனுப்புங்கள். ஆங்கிலத்தில் பெயரைச் சின்னதாக வையுங்கள். அந்த ஹார்டு டிஸ்க்கில் 42 எழுத்துக்கு மேல் நீளும் பெயரை ஏற்காது.