செயற்கை நகம் வைப்பதற்கு முன் இயற்கை நகத்தைத் தயார் செய்வது எப்படி?

ஜெல், அக்ரிலிக், டிப் (நகத்தில் ஒட்டும் பிளாஸ்டிக் நகம்) என்று எதை வைத்தாலும் சில நாளிலேயே ஓரம் தூக்கிக்கொண்டு வருகிறதா? உடனே வாங்கிய பொருள் மீதுதான் பழி விழும். வேறு பிராண்டு, அதைவிட விலை கூடிய பாட்டில், மறுபடியும் அதே கதை. பெரும்பாலும் கோளாறு பாட்டிலைத் திறப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில்தான் இருக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலர், நகத்தை நன்றாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிவிட்டால் தயாரிப்பு முடிந்தது என்று நினைக்கிறார்கள். இந்த எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். நகத்தின் மேல் இருக்கும் செத்த தோலையும் எண்ணெயையும் ஈரத்தையும் எடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. நகம் கொஞ்சம்கூட மெலியக் கூடாது.

நகத்தின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். கெரட்டின் என்ற புரதம் நிறைந்த செத்த செல்கள் அடுக்கடுக்காக ஒட்டி உருவானது அது. கை நகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவில் வளரும். அடியிலிருந்து நுனி வரை முழுதாகப் புதிது வர ஏறக்குறைய 6 மாதம் ஆகும். அரம் போட்டு மெலியவைத்த இடத்தை எந்த எண்ணெயும் எந்தக் கிரீமும் திரும்பத் தடிமனாக்காது. அது வளர்ந்து நுனிக்கு வந்து, வெட்டிப் போடும் வரை பொறுத்திருக்க வேண்டியதுதான். அதனால் கை வைக்கும்போதே கவனமாக வையுங்கள்.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை அதிகம் இல்லை. 180 அல்லது 240 கிரிட் ஃபைல் (கிரிட் என்பது அரத்தின் சொரசொரப்பு அளவு, எண் குறையக் குறைய முரடு கூடும்), பளபளப்பை எடுக்க ஒரு மெல்லிய பஃபர், நகத்தில் ஒட்டிய செத்த தோலைத் தள்ளும் க்யூட்டிகிள் புஷர் அல்லது ஆரஞ்சுக் குச்சி, அந்தத் தோலை இளக்கும் க்யூட்டிகிள் ரிமூவர், நூல் பிரியாத துடைப்பான், தூசி தட்டும் பிரஷ், நகத்தின் ஈரத்தையும் எண்ணெயையும் எடுக்கும் நெயில் டீஹைட்ரேட்டர், மேலே வைப்பது நகத்தில் பிடிக்க உதவும் பிரைமர் (உங்கள் கிட் கேட்டால்). 100 கிரிட் ஃபைல் கிட்டோடு வந்திருந்தால் அதைத் தனியே வையுங்கள். அது செயற்கை நகத்தைத் தேய்க்க. இயற்கை நகத்தில் அது படவே கூடாது.

முதலில் நகத்தைப் பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில் பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். நகத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கி வலிக்கிறதா? நகச்சுத்தியாக இருக்கலாம். நகம் மஞ்சளாகித் தடித்துப் பொடிகிறதா? பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். பச்சைத் திட்டு தெரிகிறதா, நகம் கீழேயுள்ள சதையிலிருந்து பிரிந்து நிற்கிறதா, தோலில் வெட்டுக்காயம் இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த நகத்தின் மேல் எதையும் வைக்காதீர்கள். மூடி வைத்தால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். தோல் மருத்துவரிடம் காட்டிவிட்டு, ஆறிய பிறகு தொடங்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சின்னக் காயம்கூட ஆறத் தாமதமாகும். அவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

கழுவுங்கள், ஊறவைக்காதீர்கள்

சோப்பு போட்டு 20 விநாடி கையைக் கழுவுங்கள். நுனிக்கு அடியில் பிரஷ் விட்டுத் தேய்த்து அழுக்கை எடுங்கள். வெந்நீரில் விரல்களை ஊறவைக்கும் பழக்கம் இருந்தால் இந்த வேலைக்கு அது வேண்டாம். நகம் தண்ணீரை உறிஞ்சிக் கொஞ்சம் உப்பி வளைவு மாறும். அந்த நிலையில் அக்ரிலிக்கோ ஜெல்லோ வைத்தால், நகம் பிறகு உலர்ந்து பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது மேலே இருப்பது கூடவே போகாது. ஓரம் விட்டுப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். குளித்துவிட்டு வந்த கையோடு உட்காராமல் இருப்பதும் இதனால்தான்.

பழைய பாலிஷ் இருந்தால் அசிட்டோனால் துடைத்து எடுங்கள். எண்ணெய் கலந்த, கைக்கு மென்மை தருவதாகச் சொல்லும் ரிமூவர் வேண்டாம். அந்த எண்ணெயைத் திரும்ப எடுப்பது இன்னொரு வேலை. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு, மெழுகுவர்த்தி பக்கம் போகாமல் வேலை செய்யுங்கள்.

க்யூட்டிகிள்: அதிகப் பொறுமை கேட்கும் இடம்

நகம் விரலிலிருந்து கிளம்பும் அடிப்பக்கத்தில் இரண்டு வேறு வேறு தோல் இருக்கிறது. நகத்தைச் சுற்றி மடிப்பாகத் தெரிகிற, தொட்டால் உணர்ச்சி இருக்கிற தோல் உயிருள்ளது. அது கிருமி உள்ளே போகாமல் அடைத்துக் காக்கிறது. அதை வெட்டவே கூடாது. வெட்டினால் நகச்சுத்திக்கு வழி திறந்த மாதிரி. அந்த மடிப்பின் அடியிலிருந்து வந்து நகத்தின் மேல் கண்ணாடி போல மெல்லிசாக ஒட்டிக்கொண்டிருக்கும் செத்த படலம்தான் க்யூட்டிகிள். நாம் எடுக்க வேண்டியது அதை மட்டும்.

ரிமூவரை நகத்தின் அடியோரத்திலும் இரண்டு பக்க ஓரத்திலும் மெல்லிய கோடாகப் பூசுங்கள். இவற்றில் பலவற்றில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போன்ற காரம் இருக்கும். செத்த தோலை இளக்குவது அதுதான். லேபிளில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் விடாதீர்கள். விட்டால் உயிருள்ள தோலையும் அரிக்கும்.

இப்போது புஷரைச் சாய்வாக, நகத்தோடு படிகிற மாதிரி பிடியுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் முனை நகத்தில் பள்ளம் போடும். நகத்தின் நடுவிலிருந்து அடியை நோக்கி மெல்லத் தள்ளுங்கள். முதலில் தோல் மடிப்பு கொஞ்சம் பின்னால் நகரும். பிறகு அதே இடத்தில் சின்னச் சின்ன வட்டமாகப் புஷரை ஓட்டினால், ஒன்றுமே இல்லை என்று நினைத்த நகத்திலிருந்து வெள்ளையாகப் பிசிறு எழும்பி வரும். அதுதான் அந்தப் படலம். வருவது நின்றதும் நீங்களும் நிறுத்துங்கள். வலித்தாலோ தோல் சிவந்தாலோ அழுத்தம் கூடிவிட்டது. அடியிலுள்ள வெள்ளைப் பிறைக்குக் கீழேதான் புதிய நகம் உருவாகிறது. அந்த இடத்தில் பலமாக அமுக்கினால் வளரும் நகத்தில் கோடும் பள்ளமும் விழும்.

இரண்டு நகக்கண்களையும் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள். நடுவில் பளிச்சென்று எடுத்துவிட்டு, ஓரத்தில் தோல் மடங்கும் இடத்தில் படலத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். தூக்கல் ஆரம்பிப்பதும் அங்கேதான். பக்கத் தோலை இன்னொரு விரலால் லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஆரஞ்சுக் குச்சியின் முனையால் அந்த ஓரத்தை மெதுவாக வழித்தெடுங்கள்.

தொங்கிக்கொண்டிருக்கும் செத்த பிசிறு இருந்தால் கூரான நிப்பரால் (தோல் நறுக்கும் சின்ன வெட்டுக்கருவி) அதை மட்டும் நறுக்குங்கள். பிய்த்து இழுக்காதீர்கள். முடிந்ததும் சோப்பால் கையை நன்றாகக் கழுவி முழுக்க உலர விடுங்கள். ரிமூவரின் மிச்சம் நகத்தில் இருந்தால் மேலே வைக்கும் எதுவும் பிடிக்காது. இந்தக் கழுவலைத் தவிர்க்கக் கூடாது.

வடிவம், டிப் அளவு

நுனியை 180 அல்லது 240 கிரிட் ஃபைலால் வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். டிப் வைக்கப்போகிறீர்கள் என்றால் பத்து விரலுக்கும் இப்போதே அளவு பார்த்து வரிசையாக எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு பக்க ஓரத்திலிருந்து மறு பக்க ஓரம் வரை அழுத்தாமலே பொருந்த வேண்டும். சின்ன டிப்பை அமுக்கி ஒட்டினால் நகத்தை இறுக்கிக்கொண்டே இருக்கும், பிறகு வெடிக்கவும் செய்யும். அளவு இரண்டுக்கும் நடுவில் இருந்தால் பெரியதை எடுத்து ஓரத்தைத் தேய்த்துச் சரிசெய்யுங்கள். எண்ணெய் எடுத்த பிறகு அளவு பார்க்க உட்கார்ந்தால் விரல் பட்டு எல்லாம் வீணாகும். அதனால்தான் இதை முன்கூட்டியே செய்யச் சொல்கிறேன்.

பளபளப்பை மட்டும் எடுங்கள்

பஃபரை நகம் வளரும் திசையில் லேசாக ஓட்டுங்கள். கையின் கனமே போதும். நகத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள்: எல்லா இடமும் ஒரே மாதிரி மங்கலாகத் தெரிந்தால் போதும், மேற்கொண்டு ஒரு தேய்ப்புகூட வேண்டாம். எங்காவது மினுக்கம் தெரிந்தால் அங்கே மட்டும் தொடுங்கள். சூடாகவோ எரிச்சலாகவோ உணர்ந்தால் எல்லை தாண்டிவிட்டீர்கள். மின்சார டிரில்லை இயற்கை நகத்தில் வைப்பது, முறையாகப் பழகும் வரை வேண்டவே வேண்டாம். சில நொடிகளில் அது செய்யும் சேதத்தைச் சரிக்கட்ட மாதக் கணக்கில் ஆகும்.

பிறகு காய்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். விரலால் துடைக்காதீர்கள், வாயால் ஊதவும் வேண்டாம். இரண்டிலும் ஈரமும் எண்ணெயும் திரும்ப வந்து ஒட்டும்.

டீஹைட்ரேட்டர், அப்புறம் பிரைமர்

டீஹைட்ரேட்டரை நூல் பிரியாத துடைப்பானிலோ அதன் பிரஷ்ஷிலோ எடுத்து ஒவ்வொரு நகத்திலும், ஓரங்கள் உட்பட, தடவுங்கள். நுனியின் விளிம்பையும் விட்டுவிடாதீர்கள். சில விநாடியில் ஆவியாகி நகம் வெளிறித் தெரியும். சாதாரணப் பஞ்சு வேண்டாம், அதன் நூல் ஒன்று ஒட்டிக்கொண்டாலும் ஜெல்லுக்கு அடியில் அப்படியே தெரியும்.

பிரைமர் எல்லாவற்றுக்கும் தேவையில்லை. சில ஜெல்லில் முதலில் பூசும் பேஸ் கோட்டே அந்த வேலையைச் செய்துவிடும். எனவே உங்கள் கிட்டின் குறிப்பைப் படியுங்கள். அமிலம் உள்ள பிரைமர் என்றால் பிரஷ்ஷை நன்றாகத் துடைத்துவிட்டு, நகத்தின் நடுவில் ஒரு புள்ளி தொட்டால் போதும். தானே பரவும். தோலில் பட்டால் சுட்டுவிடும். பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். அமிலம் இல்லாத பிரைமர் காய்ந்த பிறகும் பிசுபிசுப்பாகவே இருக்கும். அது அப்படித்தான் இருக்க வேண்டும், துடைத்துவிடாதீர்கள்.

வைக்கும் ஜெல்லும் அக்ரிலிக்கும் தோலில் படாமல், சுற்றிலும் மயிரிழை இடைவெளி இருக்கட்டும். இவற்றில் இருக்கும் மெதாக்ரிலேட் என்ற வேதிப்பொருள் முழுதாக இறுகாமல் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரலாம். ஒருமுறை வந்தால் அது அநேகமாக ஆயுசுக்கும் கூடவே இருக்கும்.

வேலை முடிந்ததும் உலோகப் புஷரையும் நிப்பரையும் சோப்பால் கழுவி, 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு வையுங்கள். ஃபைல், பஃபர், மரக்குச்சியை முழுதாகக் கிருமி நீக்க முடியாது. அதனால் ஒருவருக்குப் பயன்படுத்தியதை இன்னொருவருக்கு எடுக்காதீர்கள்.

டீஹைட்ரேட்டர் போட்டதிலிருந்து செயற்கை நகம் வைக்கும் வரை தலைமுடியைக் கோதுவது, முகத்தைத் தொடுவது, போனை எடுப்பது எதுவும் வேண்டாம். நகத்தில் எண்ணெய் தானாகவே மெல்லத் திரும்பி வரும் என்பதால் அதிக நேரமும் விடக் கூடாது. புதியவர்களுக்கு என் யோசனை: ஒரு கையைத் தயார் செய்து முடித்துவிட்டு, அந்தக் கைக்கு நகம் வைத்த பிறகே அடுத்த கைக்கு டீஹைட்ரேட்டர் போடுங்கள். நடுவில் ஏதாவது ஒரு விரல் எதிலாவது பட்டுவிட்டால் அந்த ஒரு நகத்தை மட்டும் மறுபடி துடைத்து, பிரைமர் வைத்துவிட்டுத் தொடரலாம்.