ஹைட்ரோஸ்டாட்டிக் டிராக்டரில் வலது காலுக்கு இரண்டு வேலை

அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் இருக்கிற எங்கள் தோட்டத்துச் சின்ன டிராக்டர் ஹைட்ரோஸ்டாட்டிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுற்றுவது. அதில் ஓட்டும் பெடலும் பிரேக்கும் வலது பக்கமே. ஒன்றை மிதிக்க மற்றதை விட வேண்டும். ரிவர்ஸில் வந்து, மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரை மாட்டும்போது இதுதான் பாடாய்ப் படுத்தியது. பெடலை விட்ட பிறகும் வண்டி மெல்ல ஊர்ந்து, டிராக்டரின் லிங்க் கையில் (கருவியை மாட்டும் பின்பக்கக் கை) உள்ள துளை, ரொட்டவேட்டரின் பின்னை (pin) தாண்டிவிடும்.

பிரேக்கை இடம் மாற்றலாமா என்று முதலில் யோசித்தேன். ஆனால் கோளாறு நியூட்ரலில்தான், அதாவது பெடலை விட்டால் வண்டி நிற்க வேண்டிய நிலையில்தான் இருந்தது. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நான்கு வீல் டிரைவை விடுவித்து, பின் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். லோ ரேஞ்சில் (மெதுவான வேக நிலை) எஞ்சினை ஓடவிட்டதும் சக்கரம் தானாகச் சுற்றியது. எஞ்சினை அணைத்து, பெடலோடு இணைந்த ராடின் லாக் நட்டைத் தளர்த்தி, ராடைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பெடலை விட்டதும் சக்கரம் அசையாமல் நிற்கும்வரை இதையே செய்தேன். பொறுமை வேண்டும், ராட் கால் சுற்றுத் திரும்பினாலே வித்தியாசம் தெரியும்.

இப்போது லோ ரேஞ்சில், குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தால் மட்டும் பெடலைத் தொடுகிறேன். நிறுத்தவும் அந்தப் பெடலே போதும். பிரேக் தேவைப்படுவது அபூர்வம். சரிவு என்றால் மட்டும் பிரேக்கை விடமாட்டேன்: எண்ணெய் உள்ளே கசிவதால் நியூட்ரலில் நின்ற வண்டியும் நகரும். இறங்கும் முன் பார்க்கிங் பிரேக் கட்டாயம். அப்புறம், ரோட்டில் ஏறினால் பின் சக்கரங்களுக்குத் தனித்தனியாக உள்ள இடது, வலது பிரேக் பெடல் இரண்டையும் கொக்கி போட்டு இணைத்துவிடுங்கள்.