நாய் சாக்லேட் தின்றுவிட்டால்: அறிகுறி தெரியும் முன் செய்ய வேண்டியவை

நாய் சாக்லேட்டைத் தின்றுவிட்டது என்று தெரிந்தவுடன் பலரும் செய்வது, அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். வாலை ஆட்டுகிறது, கூப்பிட்டால் ஓடி வருகிறது, தண்ணீர் குடிக்கிறது. ஆகவே ஒன்றும் ஆகவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சாக்லேட்டின் நச்சு அப்படி உடனே தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. பொதுவாக 2 முதல் 12 மணி நேரத்துக்குள்தான் அறிகுறிகள் தோன்றும். வயிற்றில் கிடப்பதைப் பெருமளவு வெளியே எடுத்துவிட வாய்ப்பிருப்பதோ, நாய் நன்றாக இருப்பதுபோலத் தெரியும் அந்த நேரத்தில்தான். ஆகவே நாயின் தோற்றத்தை நம்பிக் காத்திருக்காமல், ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்த்துக் கால்நடை மருத்துவரை உடனே அழைப்பதே சரியான வழி.

கோகோ விதையில் இயற்கையாகவே உள்ள தியோபுரோமின் என்னும் பொருளே இங்கு முதன்மையான நச்சு. சிறிதளவு காஃபினும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. நம் உடல் தியோபுரோமினைத் தொல்லையில்லாமல் சிதைத்து வெளியேற்றிவிடுகிறது. நாயின் உடலோ இதில் மிகவும் மந்தம். இரத்தத்தில் உள்ள அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 17.5 மணி நேரம் ஆகிறது. போதாக்குறைக்கு, பித்தநீர் வழியே குடலுக்கு வந்த நச்சு மீண்டும் இரத்தத்தில் உறிஞ்சப்படுகிறது. சிறுநீர்ப்பையில் தேங்கிய சிறுநீரிலிருந்தும் ஒரு பகுதி திரும்பிப் போகிறது. நரம்புகளையும் இதயத்தையும் அடக்கி வைக்கும் அடினோசின் தன் வேலையைச் செய்யவிடாமல் தியோபுரோமின் தடுப்பதால், இதயம் வேகமெடுக்கிறது, தசைகள் நடுங்குகின்றன, மூளை ஓய்வில்லாமல் தூண்டப்படுகிறது. சில நாய்களுக்கு இந்த நிலை 3 நாள் வரைகூட நீடிக்கும்.

கணக்குக்குத் தேவையான மூன்று செய்திகள்

நாயின் எடை, சாக்லேட்டின் வகை, தின்ற அளவு ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும். எடை தெரியாவிட்டால், நாயைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஒருமுறையும் தனியாக ஒருமுறையும் ஏறி நின்று, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்கொள்ளலாம். வகையையும் மொத்த எடையையும் உறையிலிருந்து படித்துக்கொள்ள வேண்டும். உறை கிழிந்து கிடந்தால், துண்டுகளை எல்லாம் பொறுக்கித் தரையில் ஒன்றோடொன்று பொருத்தி வைத்துப் பாருங்கள். கட்டிலுக்கு அடியிலும் நாயின் படுக்கையிலும் தேடிப் பாருங்கள். மிச்சம் கிடைத்த சாக்லேட்டைச் சமையலறைத் தராசில் நிறுத்து மொத்தத்திலிருந்து கழித்தால், தின்ற அளவு கிடைத்துவிடும். உறையிலேயே ஒரு பகுதி காணவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். விழுங்கிய தாளும் ஃபாயிலும் குடலை அடைக்கக்கூடும். வீட்டில் இரண்டு நாய்கள் இருந்து, எது தின்றது என்று தெரியாவிட்டால், ஒவ்வொன்றும் முழுவதையும் தின்றதாகவே வைத்துக் கணக்கிடுவது பாதுகாப்பானது.

ஒரு கிராம் மில்க் சாக்லேட்டில் நச்சுப் பொருள் சுமார் 2.3 மில்லிகிராம் இருக்கும். டார்க் சாக்லேட்டில் அது சுமார் 5.5 மில்லிகிராம், கோகோ விகிதம் கூடக் கூட இதற்கு மேலும் போகும். கேக் செய்யப் பயன்படும் இனிப்பில்லாத கட்டிச் சாக்லேட்டில் சுமார் 16 மில்லிகிராம், இனிப்புச் சேர்க்காத கோகோ பவுடரில் சுமார் 28 மில்லிகிராம். வெள்ளைச் சாக்லேட்டில் தியோபுரோமின் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். அதில் கவலைப்பட வேண்டியது கொழுப்பும் சர்க்கரையுமே. பளபளக்கும் உறையிலுள்ள சாக்லேட்டை அலமாரியில் பூட்டி வைப்பவர்கள்கூடக் கோகோ டப்பாவை மூடாமல் மேடையில் விட்டுவிடுவதைப் பார்க்கிறோம். உண்மையில் பூட்டி வைக்க வேண்டியது அந்த டப்பாவைத்தான்.

தின்ற கிராமை மேற்கண்ட எண்ணால் பெருக்கி, வருவதை நாயின் கிலோ எடையால் வகுக்க வேண்டும். விடை 20 மில்லிகிராமை நெருங்கினால் வாந்தி, வயிற்றுப்போக்கு, அமைதியின்மை ஆகியவை தொடங்கலாம். 40 முதல் 50 வரை வந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். 60-ஐத் தாண்டினால் வலிப்பு வரலாம். 100 முதல் 200 வரையிலான அளவு பல நாய்களின் உயிரையே பறித்துவிடும்.

எடுத்துக்காட்டாக, 8 கிலோ எடையுள்ள நாய் ஒன்று 100 கிராம் டார்க் சாக்லேட்டில் 60 கிராமைத் தின்றுவிட்டதாகக் கொள்வோம். 60-ஐ 5.5-ஆல் பெருக்கினால் 330. அதை 8-ஆல் வகுத்தால் சுமார் 41. இது இதயத்தைத் தாக்கக்கூடிய அளவு. உடனே புறப்பட வேண்டும். அதே 60 கிராம் மில்க் சாக்லேட்டாக இருந்திருந்தால் விடை சுமார் 17 மட்டுமே. வயிறு கெடலாம், பெரும்பாலும் அதற்கு மேல் போகாது. அதே 60 கிராம் கோகோ பவுடராக இருந்திருந்தால் விடை 210. இப்படி எடை மாறாமல் வகை மட்டும் மாறினாலே வயிற்றுக் கோளாறுக்கும் மரணத்துக்கும் இடையிலான தொலைவு கடந்துபோகிறது என்பதால்தான், "கொஞ்சம்தான் தின்றது" என்று சொல்வதால் மருத்துவருக்கு எந்தப் பயனும் இல்லை.

இந்த எண்கள் எல்லாம் தோராயமானவை. ஐயம் வரும் இடத்தில் கூடுதலான எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும். குட்டி நாய், முதிய நாய், இதய நோயோ வலிப்பு நோயோ உள்ள நாய் என்றால், விடை 20-க்குக் கீழே இருந்தாலும் மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

கணக்கே போடாமல் கிளம்ப வேண்டிய ஒரு நிலையும் உண்டு. "சர்க்கரை சேர்க்காதது" என்று அச்சிட்ட சாக்லேட்டில் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி இருக்கலாம். அது நாயின் உடலில் இன்சுலினைத் திடீரெனப் பெருக்கி, அரை மணி நேரத்துக்குள்ளாகவே இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும். பிறகு கல்லீரலையும் கெடுக்கலாம். உறையில் அந்தப் பெயரைப் பார்த்தால் ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது. உலர்திராட்சை கலந்த சாக்லேட்டும் இப்படித்தான். அது சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும், எவ்வளவு தின்றால் ஆபத்து என்பதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அழைக்கும்போதும் வழியிலும்

முதலில் மிச்சமுள்ள சாக்லேட்டை எட்டாத இடத்துக்கு அகற்றிவிட்டு, வாயில் துண்டு ஒட்டியிருந்தால் எடுத்துவிட வேண்டும். மருத்துவரை அழைக்கும்போது எடை, வகை, அளவு, தின்ற நேரம் ஆகியவற்றை இந்த வரிசையிலேயே சொன்னால் அவர் விரைவில் முடிவெடுப்பார். நேரம் சரியாகத் தெரியாவிட்டால், வீட்டில் கடைசியாக அந்தச் சாக்லேட்டை யார் எப்போது முழுதாகப் பார்த்தார்கள் என்று கேட்டுச் சொல்லலாம். உறையைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

வாந்தி எடுக்க வைக்கும் வேலையை நீங்களாகச் செய்யக் கூடாது. உப்புக் கரைசல் கொடுப்பது பரவலாகச் சொல்லப்படும் யோசனை. அது இரத்தத்தில் சோடியத்தை ஏற்றித் தனியாகவே ஒரு நச்சு நிலையை உண்டாக்கிவிடும். தொண்டைக்குள் விரலை விட்டால் நாய்க்குக் காயமும் உங்களுக்குக் கடியும்தான் மிஞ்சும். ஹைட்ரஜன் பெராக்சைடு இரைப்பையைப் புண்ணாக்கக்கூடியது. மருத்துவரே அளவைச் சொல்லிக் கொடுக்கச் சொன்னால் ஒழிய அதைத் தொட வேண்டாம். பால் கொடுத்தால் விஷம் முறிந்துவிடும் என்பதற்கும் எந்த அடிப்படையும் இல்லை. நடுக்கமோ மயக்கமோ தொடங்கிவிட்ட நாயையும், பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாயையும் வீட்டில் வாந்தி எடுக்க வைத்தால், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரல் அழற்சியில் கொண்டு போய் விடலாம்.

வழியில் நாயின் இதயத்தைக் கவனித்துக்கொண்டே போகலாம். இடது முன்காலின் முட்டிக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சின் பக்கவாட்டில் உள்ளங்கையை மெல்ல வைத்தால் துடிப்பு தட்டுப்படும். 15 விநாடிக்கு எண்ணி 4-ஆல் பெருக்கிக் குறித்துக்கொள்ளுங்கள். சிறிய நாய்களுக்கு இயல்பிலேயே துடிப்பு கூடுதலாக இருக்கும் என்பதால் எண்ணைவிட மாற்றமே முக்கியம்: படுத்திருக்கும்போதும் வேகம் ஏறிக்கொண்டே போகிறதா, இடையில் ஒரு துடிப்பு தவறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓரிடத்தில் நிற்காமல் சுற்றிச் சுற்றி வருவது, ஓடாமலே இளைப்பது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது, தொடைத் தசை வெடவெடப்பது ஆகியவை தோன்றினால், நச்சு இரத்தத்தில் நன்றாகவே ஏறிவிட்டது என்று பொருள்.

தியோபுரோமினுக்கு மாற்று மருந்து கிடையாது. மருத்துவர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பார். சாக்லேட் இரைப்பையில் கட்டியாக ஒட்டிக் கிடப்பதால் சில மணி நேரம் கடந்த பிறகும் இதனால் பயன் உண்டு. பிறகு நச்சை உறிஞ்சிக்கொள்ளும் மருத்துவக் கரியைக் கொடுக்கலாம். அடுப்புக் கரி அதற்கு ஈடாகாது. இரத்தக்குழாய் வழியே திரவம் ஏற்றுவதும், துடிப்பையும் வலிப்பையும் கட்டுப்படுத்தும் மருந்துகளும் தேவைக்கேற்பத் தொடரும். காலத்தில் கொண்டு போன நாய்களில் பெரும்பாலானவை தேறிவிடுகின்றன.

வீடு திரும்பிய பின்

மருத்துவர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், முதல் நாள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை நாயை வெளியே கூட்டிச் சென்று சிறுநீர் கழிக்க வைக்க வேண்டும். மேலே சொன்ன மறுஉறிஞ்சலைக் குறைப்பதற்கு இதுவே எளிய வழி. சத்தமில்லாத, வெளிச்சம் குறைந்த அறையில் படுக்க வைத்தால் தூண்டல் குறையும். கரி கொடுத்திருந்தால் மலம் கறுப்பாகப் போகும். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் நச்சு இறங்கிய பிறகும், சாக்லேட்டிலிருந்த கொழுப்பு 1 முதல் 4 நாளுக்குள் கணைய அழற்சியைக் கிளப்பிவிடக்கூடும். நாய் தேறிவிட்டது என்று நினைத்திருக்கும் வேளையில் அது உணவை வெறுத்தாலோ, மறுபடி வாந்தி எடுத்தாலோ, வயிற்றைத் தொட்டால் முதுகை வளைத்து உறுமினாலோ, விடியட்டும் என்று இராமல் அப்போதே மருத்துவரிடம் திரும்பக் காட்ட வேண்டும்.